மார்ச் மாதத்துத் தர்மம்

தையல்நாயகியின் பெயர் லாரியில் ஏறியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில். அவள் கணவர் துளசிங்கம் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், சிமெண்ட், கம்பி, ஜல்லி விற்கும் கடை வைத்திருந்தார். அப்பா காலத்தில் நெல் விளைந்த சேலையூர் நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்று, அந்த மனைகளில் வீடு கட்ட வந்தவர்களுக்கே சிமெண்டும் கம்பியும் விற்றார். இரண்டு பக்கமும் லாபம். கூடவே வருமான வரியும் ஏறியது. அதற்கு ஆடிட்டர் ஏகநாதன் ஒரு வழி சொன்னார்.

"ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சுடலாம் சார். ஏழைகளுக்கு மருத்துவ உதவி. எண்பது-ஜி வரிச்சலுகை அப்ரூவல் நான் வாங்கித் தரேன். வருஷக் கடைசியில நீங்க டிரஸ்டுக்கு நன்கொடை குடுத்தா, அதுல பாதியை உங்க வருமானத்துலேர்ந்து கழிச்சுக்கலாம். மேனேஜிங் டிரஸ்டியா வீட்ல அம்மாவைப் போட்டுடுவோம். லேடீஸ் பேர்ல இருந்தா பாக்கறவங்களுக்கும் நல்லா இருக்கும்."

அப்படித்தான் தையல்நாயகி அறக்கட்டளை பிறந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் கடைக் கணக்கிலிருந்து அறக்கட்டளைக் கணக்குக்கு ஒரு செக் போகும். பின்னாலேயே ஏகநாதன் நீட்டும் செக் தாள்களில் தையல்நாயகி கையெழுத்துப் போடுவாள். மருந்து வாங்கியதாகவும் கண் சிகிச்சை முகாம் நடத்தியதாகவும் பில்கள் எங்கிருந்தோ வரும். போன பணம் ரொக்கமாக வீட்டு பீரோவுக்கே திரும்பி வரும். வரி மட்டும் குறைந்திருக்கும்.

இது அவளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள். தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த வியாபாரிதான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறான் என்று துளசிங்கம் கேட்பார். அவளுக்கும் அது பதிலாகவே பட்டது. நாளைக்கு ஆபீசர் யாராவது வந்தால் காட்டுவதற்கு விளம்பரம் வேண்டும் என்று ஏகநாதன் சொன்னதால், கடையின் இரண்டு லாரிகளிலும் பெரிதாக எழுதினார்கள்: தையல்நாயகி அறக்கட்டளை, ஏழை எளியோர்க்கு இலவச மருத்துவ உதவி. லாரி வீட்டு வாசலில் திரும்பும்போது தன் பெயரைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தொண்ணூறாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சேலையூர் வீட்டு கேட்டைத் தட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம். புடவையில் கல்தூள்.

"இங்க தையல்நாயகின்றது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"ஒண்ணும் வாணாம். மூஞ்சி எப்டி கீதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வேலைக்காரி அவளை விரட்ட வந்தாள். தையல்நாயகி தடுத்துவிட்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னாள்.

பெயர் கனகவல்லி. திருநீர்மலைக்கு இந்தப் பக்கம் கல் குவாரியில் அவளும் புருஷனும் வேலை செய்தார்கள். பொங்கல் கழித்து ஒரு நாள் பாறை சரிந்து புருஷனின் கால்மேல் விழுந்தது.

"உங்க லாரி அங்கதான் நின்னுகினு இருந்திச்சி, பாதி ஜல்லி ஏத்திகினு. எனுக்குப் படிக்கத் தெரியாது. மேஸ்திரிதான் படிச்சாரு. இலவச மருத்துவ உதவின்னு எழுதிக்கீதே, இதுலயே ஏத்துங்கடான்னாரு. டிரைவர் கதவத் தொறந்துட்டாரு. கூட இருந்தது உங்க புள்ள. வாணான்னுட்டாரு. வண்டில ரத்தம் ஆவும், போலீஸ் கேஸ் ஆவும், லோடு அர்ஜண்டுன்னாரு. வண்டியக் கெளப்பிகினு பூட்டாரு."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா. மீன்பாடி வண்டில போட்டு பல்லாவரம் வரிக்கும் தள்ளிகினு போனோம். அங்கேர்ந்து டாக்சி. பெரியாஸ்பத்திரில கால எட்துட்டாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சீக்கிரமா வந்திருந்தா கால் மிஞ்சியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். டாக்டருக்கே தெரியலியாம். ஆனா ஏத்தியிருக்கலாம் இல்ல?"

தையல்நாயகி உள்ளே ஓடி, பீரோவில் கைக்கு வந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். கனகவல்லி அதைத் தொடவில்லை.

"காசு கேட்டு வரல. பேர அழிச்சிடுங்க. அவ்ளோதான். இன்னோர்த்தன் அத்த நம்பி நிக்கக் கூடாது."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்று சாப்பிட வந்த மகன் குப்புராஜிடம் தையல்நாயகி நேராகவே கேட்டாள். இருபத்து நாலு வயது. அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொள்பவன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போலீஸ் கேஸ் ஆயிடும்மா. நம்ம வண்டி மோதிதான் அடிபட்டான்னு எழுதிடுவாங்க. வண்டியில ரத்தம் படலியே, நல்லதாச்சுன்னு அப்பாவே சொன்னாரு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"வண்டியில என் பேர் எழுதியிருக்குதேடா."

"அது சும்மா போர்டும்மா."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அவளுக்கு எப்படி இது புரியவில்லை என்கிற ஆச்சரியத்தோடு சொன்னான். இவனைச் சொல்லி என்ன? இவன் பார்க்கத்தானே அவள் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டாள். சும்மா என்பதை இவன் அங்கேதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

மார்ச் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏகநாதன் தோல் பையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அந்த வருஷம் மாடம்பாக்கம் பக்கத்து மனைகள் எல்லாம் விற்றுப் போயிருந்தன.

"இந்தத் தடவை நல்லாவே குடுக்கலாம் சார். மொத்த வருமானத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும் கழிவுக்கு எடுத்துப்பாங்க. ஒன்றரை லட்சத்துக்குச் செக் போட்டுடுங்க. முப்பத்தொண்ணுக்குள்ள கணக்குல ஏறிடணும், அதான் முக்கியம். ஏப்ரல் ஒண்ணாந்தேதி குடுத்தா அடுத்த வருஷத்துக்குப் போயிடும்."

காபியை வைத்த தையல்நாயகி நகராமல் நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். செக் டிரஸ்ட் கணக்குல ஏறினப்புறம் அந்தப் பணம் யாருது?"

ஏகநாதன் சிரித்தார். "சட்டப்படி டிரஸ்டோடதும்மா."

"குடுத்தவங்க திருப்பிக் கேக்கலாமா?"

"கேக்க முடியாது. நன்கொடைன்னா நன்கொடைதானே. டிரஸ்ட் அதை ஏழைங்க வைத்தியத்துக்குச் செலவு பண்ணணும். வருமானத்துல முக்கால் பங்காவது அந்தந்த வருஷமே செலவாயிருக்கணும். அதுக்குத்தான் நாம பில்லெல்லாம் ரெடி பண்றோம்."

"இன்னாமே, ஆடிட்டருக்குப் படிக்கப் போறியா?" என்று துளசிங்கம் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வாரத்தில் ஒன்றரை லட்சம் அறக்கட்டளைக் கணக்கில் ஏறியது. நன்கொடை ரசீதில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆனால், வழக்கம்போல ஏகநாதனின் ஆள் செக் தாள்களில் கையெழுத்து வாங்க வந்தபோது, "புஸ்தகத்தை வெச்சுட்டுப் போப்பா, பாத்துப் போடறேன்" என்றாள். அவனும் வைத்துவிட்டுப் போனான். அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் பஸ் ஏறினாள்.

குவாரிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. சர்ச் கட்டிக்கொடுத்த ஆஸ்பெஸ்டாஸ் கட்டடம். நர்ஸ் செல்வமேரி அங்கே தனியாளாகப் பிரசவம் பார்த்தாள், காயத்துக்குக் கட்டுப் போட்டாள். ஐம்பதை நெருங்கும் வயது. தையல்நாயகி தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"மறுபடியும் போட்டோ எடுக்கணுமா?"

"என்ன போட்டோ?"

"போன வருஷம் உங்க ஆளுங்க வந்து இந்தச் சுவத்துல பேனர் கட்டினாங்க. என் பேஷண்டுங்களை வரிசையா நிக்க வெச்சுப் போட்டோ எடுத்தாங்க. கைல ஆளுக்கொரு வாழைப்பழம். அப்புறம் பேனரை அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு மருத்துவ முகாம்னு பேராம்."

அந்தப் போட்டோவைத் தையல்நாயகி பார்த்திருந்தாள். ஃபைலில் அழகாக ஒட்டியிருந்தது.

"மேரிம்மா, இங்க என்ன தேவைன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். வாழைப்பழம் கொண்டுவரலை."

செல்வமேரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வண்டி. என்னால கட்டுப் போட முடியும், ரத்தத்தை நிறுத்த முடியும். அதுக்கு மேல பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். எதுல அனுப்பறது? குவாரி முதலாளிங்க வண்டி தர மாட்டாங்க. பிரசவத்துக்கு வந்த பொண்ணை ஜல்லி மேல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன்."

"வண்டி வாங்கித் தரேன்."

"வண்டியை மட்டும் வாங்கிக் குடுத்துட்டுப் போயிடாதீங்க. டிரைவருக்குச் சம்பளம், டீசல், ரிப்பேர், அதுக்கும் எழுதிக் குடுங்க. இல்லேன்னா ரெண்டே மாசத்துல கோழி அடையற கூடாயிடும். எழுதிக் குடுத்தா நம்பறேன்."

தையல்நாயகி அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருஷத்தில், எழுதியிருப்பது நிஜமாக நடக்க வேண்டும் என்று நினைத்து அவள் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

மவுண்ட் ரோட்டில் வண்டி விற்கும் கடைக்குத் தனியாகப் போனாள். உள்ளே படுக்கையும் மேலே விளக்கும் பொருத்திய ஒரு மெட்டடார் வேனுக்கு விலை எழுதி வாங்கினாள். முழுப் பணத்துக்கும் டிராஃப்ட் கொடுத்தால், மாசக் கடைசிக்குள் வண்டியை அறக்கட்டளை பெயரில் பில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் மேற்குத் தாம்பரத்து பேங்கில், டிராஃப்ட்டுக்கான செக்கை எடுத்து நீட்டினாள். மேனேஜர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உள்ளே உட்கார வைத்து, டீ வரவழைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்க் கடைக்குப் போன் செய்துவிட்டார். டீ ஆறுவதற்குள் துளசிங்கம் வந்து நின்றார். வேட்டியெல்லாம் சிமெண்ட். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஏகநாதன்.

"இன்னாமே இது? எவன் சொல்லிக் குடுத்தான் உனுக்கு?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. ஆம்புலன்ஸ் வாங்கறேன். வண்டியில எழுதியிருக்கிறது மருத்துவ உதவிதானே?"

"பைத்தியம் புட்ச்சிக்கிதா? அது என் பணம்மே! ராப்பகலா மூட்டை தூக்கின பணம்!"

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கிளார்க்குகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் தையல்நாயகி அவரை எதிர்த்துப் பேசியதில்லை. கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பணம்னு இந்த மேனேஜர் சார் கிட்ட எழுதிக் குடுங்க. நன்கொடை குடுக்கல, சும்மா போட்டு வெச்சேன்னு எழுதுங்க. இந்தச் செக்கை இப்பவே கிழிச்சுடறேன்."

துளசிங்கம் ஏகநாதனைப் பார்த்தார். ஏகநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், அப்படியெல்லாம் எழுதக் கூடாது. எழுதினா இந்த வருஷக் கழிவு போயிடும். முந்தின மூணு வருஷத்தையும் தோண்டுவாங்க."

"அப்ப இவ செய்றது?"

ஏகநாதன் தரையைப் பார்த்துச் சொன்னார். "இவங்க செய்றது… சட்டப்படி சரிதான் சார்."

"சட்டமா? என் வூட்டுப் பொம்பளைக்கு எங்கிட்டயே சட்டமா?" துளசிங்கம் மேஜையைத் தட்டினார். டீ சிந்தியது. "வூட்டுக்கு வராத. இந்தச் செக்க மாத்தினே, வூட்டுப் படி ஏறாத."

"ஏறுவேன்" என்றாள் அவள். "நானும் சேந்து கட்டின வீடு. சாயந்தரம் வந்து உலை வைப்பேன். சாப்பிடறதும் சாப்பிடாததும் உங்க இஷ்டம். உங்க புள்ள அடிபட்டவனை மண்ணுல போட்டுட்டு வந்தானே, அன்னிக்கு இந்த மாதிரி கத்தினீங்களா நீங்க? வண்டியில ரத்தம் படலன்னு சந்தோஷப்பட்டீங்க. என் பேரை வெச்சுக்கிட்டு இனிமே சும்மா ஒண்ணும் நடக்காது. மேனேஜர் சார், டிராஃப்ட் போடுங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், கணக்கு டிரஸ்டோடது. கையெழுத்து அம்மாவோடது. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

டிராஃப்ட் போட்டார்கள். தையல்நாயகி சொன்னபடியே சாயந்தரம் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். துளசிங்கம் அன்றும் சாப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் சாப்பிடவில்லை. கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டார். அவளோடு பேச்சை அடியோடு நிறுத்தினார். எதுவானாலும் மகன் மூலம் சொல்லி அனுப்பினார். சொந்தக்காரர்கள் வந்து, ஆம்பளை சம்பாதித்ததைத் தெருவில் இறைக்கிறாள் என்றார்கள். அவள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

லாரிகளில் இருந்த பெயரை அழிக்கப் பெயிண்டர் வந்தான். தன்னை அவமானப்படுத்தத்தான் துளசிங்கம் வீட்டு வாசலிலேயே வைத்து அழிக்கச் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். "நல்லா அழிப்பா. எழுத்து மங்கலாக் கூடத் தெரியக் கூடாது" என்றாள். பெயிண்டர் குழம்பிப்போய் இன்னொரு கோட் அடித்தான்.

வேன் ஏப்ரலில் மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தது. குவாரி ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். செல்வமேரி உள்ளே ஏறிப் படுக்கையை அழுத்திப் பார்த்தாள், ஆக்சிஜன் சிலிண்டரைத் திருகிப் பார்த்தாள். கனகவல்லியும் வந்திருந்தாள். தையல்நாயகி அவளிடம் போய் நின்றாள்.

கனகவல்லி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"டிரைவர் எங்க இருப்பாரு?"

"இங்கயே, மருந்தகத்துப் பின்னால ரூம்ல."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கிழமையும்."

"சரி" என்றாள் கனகவல்லி. தையல்நாயகியும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருஷம் முழுக்க வேன் ஓடியது. பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் என்று அக்கம்பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் அனுப்பினார்கள். குப்புராஜ் ஒரு நாள் கனகவல்லி குடிசைக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் நின்றதாகவும், உள்ளே போகாமலே திரும்பிவிட்டதாகவும் செல்வமேரி சொன்னாள். தையல்நாயகி அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மறு வருஷம் பிப்ரவரியிலேயே கையிருப்பு தீர ஆரம்பித்தது. தையல்நாயகி ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டை, பல்லாவரம் கடைகளில் ஏறி இறங்கினாள். வரி கட்டுகிறவர்களாகப் பார்த்துக் கேட்டாள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுத்தால் பாதிக்குக் கழிவு உண்டு என்று, ஏகநாதன் சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எவ்ளோ திருப்பித் தருவீங்க?"

"ரசீது தருவேன்."

"ரசீது சரிம்மா. கைக்கு?"

"கைக்கும் ரசீதுதான்."

அவர் ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அப்படிப் பல கடை. துளசிங்கம் சம்சாரம் பிச்சை எடுக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. ஆனாலும் சில பேர் கொடுத்தார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு டியூஷன் சென்டர்க்காரர், மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து. கணக்குப் பார்க்க வந்த ஏகநாதன் டீசல் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இந்த டிரஸ்டுல முதல் தடவையா எல்லா பில்லும் நிஜம்மா" என்றார். அதைச் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் சந்தோஷம் இருந்த மாதிரி தெரிந்தது.

மார்ச் கடைசி வாரத்தில் குப்புராஜ் சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு செக்.

"அப்பா குடுக்கச் சொன்னாரு. இந்த வருஷமும் லாபம். புதுசா வேற டிரஸ்டுக்கு அப்ரூவல் வாங்க நாளாகும்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு. ஒரு லட்சம். ஆனா பாதியை…"

"பாதியை?"

"திருப்பித் தரணுமாம்."

தையல்நாயகி கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தில் துளசிங்கம் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. பேப்பர் புரளவில்லை. அவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"ஒரு பைசா திரும்பி வராது. வெக்கறதுன்னா வெச்சுட்டுப் போ. இல்லேன்னா எடுத்துட்டுப் போ."

குப்புராஜ் செக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த ஒரு லட்சத்தில் டிரைவருக்கு மட்டுமல்ல, வண்டியோடு போக இன்னொரு ஆளுக்கும் சம்பளம் போட்டிருக்கலாம்.

அந்த வாரச் சனிக்கிழமை பேங்க் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, குப்புராஜ் ஸ்கூட்டரில் வேகமாக வந்து இறங்கினான். வேறு ஒரு செக்கை நீட்டினான். நாற்பதாயிரம். அப்பாவின் கையெழுத்து.

"திருப்பித் தர வேணாமாம்" என்றான். "வரி கட்டறதுக்கு இது மேலுன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

"வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவள் ரசீதை எழுதினாள். துளசிங்கத்தின் முழுப் பெயர், அப்பா பெயர், தொகை, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக எழுதி மகன் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வெக்கச் சொல்லு. பாதிக்குத்தான் கழிவு, முழுசுக்கும் எழுதிடப் போறாரு. சரி, ஸ்கூட்டரைத் திருப்பு. என்னை பேங்க்ல விடு. இன்னிக்கே ஏறணும்."

குப்புராஜ் ஸ்கூட்டரைத் திருப்பினான். ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் போடா" என்றாள்.